ஒரு விரல் உயரம்

வெட்டினால் வெட்டியதுதான். அப்புறம் அந்தக் கம்பியை ஒட்டவா முடியும்?

சைக்கிள் கடைக்காரி ரம்பத்தைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தாள். மேஜையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் புதிய சீட் கம்பி இறுகிக் கிடந்தது. எதிரே ஸ்டூலில், வாடிக்கையாளர் என்ற மிதப்போடு உட்கார்ந்திருந்தவன் அவள் கணவன்.

வாரத்தில் ஆறு நாள் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போய், பாறையும் வேருமான சரிவில் தலைதெறிக்க இறங்குவான். அதற்கு ஒரு போட்டி, அந்தப் போட்டிக்கு ஒரு கூட்டம். எல்லாம் நேரம்தான்.

பழைய கம்பியின் தலை தேய்ந்து சீட் ஆட ஆரம்பித்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டும். காலையிலிருந்து இதே பஞ்சாயத்து.

அவள் முதலில் நீளமான கம்பியைக் காட்டினாள். மெத்தென்று அகலமான சீட்டைக் காட்டினாள். அமுக்கிப் பார்க்கச் சொன்னாள், தடவிப் பார்க்கச் சொன்னாள். துணிக்கடைக்காரர்கள் தோற்றுப்போவார்கள்.

அவன் மசியவில்லை. சரிவில் இறங்குகிறவன் சீட்டில் உட்காருவதே இல்லை. பெடலில் நின்றபடி உடம்பைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். வளைவில் சீட்டைத் தொடையால் கவ்விக்கொள்ள வேண்டும். ஒல்லியான, கல் மாதிரி ஒரு சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சீட்டின் மூக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்றான். கம்பியை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டச் சொன்னான்.

அங்கேதான் அவள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் தோள் எலும்பை முறித்துக்கொண்டு வந்து நின்றான். அதிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் முந்தைய நாள், சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடுகிற சாக்கில், சீட்டை ஒரு விரல் உயர்த்தி வைத்துவிடுவாள். போட்டியன்று அடிவாரத்தில் காத்து நின்று, வீடு திரும்பியதும் பழையபடி இறக்கிவிடுவாள். சீட் உயர்ந்தால் பின்னால் தள்ளிக்கொள்ள இடமிருக்காது. இடமில்லாதவன் பிரேக்கைப் பிடித்துத்தானே ஆக வேண்டும்? முழுசாக வீடு வந்து சேருவான்.

சேர்ந்தான். ஆனால் எந்தப் போட்டியிலும் ஆறாவது இடத்துக்கு மேல் ஏறவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது, "எனக்குத்தான் தைரியம் பத்தலை போல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவன் தண்ணீர் குடித்தான். அவளுக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அடிப்பாவி, கட்டினவனின் தைரியத்தையே திருடிவிட்டாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

குட்டையாக வெட்டிய கம்பியை உயர்த்த முடியாது. உயர்த்தினால் சைக்கிள் குழாய்க்குள் பிடிமானம் போய்விடும். இன்று வெட்டினால் அவளுடைய ஒரு விரல் வித்தைக்கு முழுக்குப் போட்ட மாதிரிதான். நாளை மறுநாள் போட்டி.

"வெட்டு மெக்கானிக்கம்மா, கம்பிக்கு வலிக்காது" என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். துண்டு டங்கென்று தரையில் விழுந்து உருண்டது. அரத்தால் பிசிறைத் தேய்த்தாள். போகட்டும், அவன் தைரியம் அவனுக்கே. பயமாகவும் இருந்தது, பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

அப்புறம்தான் சைக்கிளிலிருந்து பழைய கம்பியை உருவித் துணியால் துடைத்தாள்.

கிரீஸுக்கு அடியில் ஒரு கீறல். ஆணியால் போட்டது.

அவள் போட்டதல்ல. திருட்டு வேலை செய்கிறவள் அடையாளம் வைப்பாளா? ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் உயர்த்தி வைக்கிற உயரம் எதுவோ, அச்சு அசலாக அந்த இடத்தில் இருந்தது கீறல். சீட்டை மறுபடி மறுபடி அதே உயரத்துக்குக் கொண்டுவர யாருக்கோ அது தேவைப்பட்டிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"உச்சிக்குப் போனதும் இறக்கணும், கீழ வந்ததும் நீ பாக்கறதுக்குள்ள ஏத்தணும். இனிமே அந்த ரெண்டு வேலையும் எனக்கு மிச்சம்."

ஆக, அத்தனை ஆறாவது இடமும் அவனே பாடுபட்டு வாங்கியவை! சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல், அழுக்குத் துணியைச் சுருட்டி அவன் மேல் விட்டெறிந்தாள்.

"தெரிஞ்சப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எதுக்குங்க திரும்பத் திரும்ப ஏத்தி வச்சீங்க?"

அவன் மடியிலிருந்த சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நான் இறங்குற வரைக்கும் நீ கீழ நிம்மதியா நிக்கணுமே."