கீழ் இரண்டு அடுக்கு

கேரியரின் நான்கு அடுக்கையும் இன்று நானே தின்று தீர்க்க வேண்டும். எதிரே என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள்.

இதே கிடங்கில்தான் அவளுக்கும் வேலை. நான் மூட்டை ஏற்றும் மேடையில். அவள் உள்ளே, ஏசி அறையில், டேட்டாபேஸ் பார்க்கிறாள். மதியம் அவள் வெளியே வந்து சாப்பிட்டதே கிடையாது.

இன்று காலையிலேயே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எந்த லாரிக்கு எந்த மூட்டை என்று அதிலிருந்து சீட்டு வராமல் ஒரு மூட்டையைத் தொடக் கூடாது. லாரிகள் வாசல் தாண்டித் தெருவில் நின்றன. ஒருவழியாகக் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டு, "சீட்டு வர இன்னும் கொஞ்ச நேரமாகும். வாங்க, ஒண்ணா சாப்பிடலாம்" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் மேல் அடுக்கைத் திறந்தேன்.

பல வருஷமாக நான் பாதிதான் சாப்பிடுகிறேன். கீழ் இரண்டு அடுக்கும் திறக்காமலே வாசல் காவல்காரருக்குப் போய்விடும்.

கல்யாணமான புதிதில் பானையை வழித்துத் தின்பேன். இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவேன். இப்போது ஒரு மூட்டைக்கே முட்டி முனகுகிறது. இது அவளுக்குத் தெரிந்தால் நாளைக்கே என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவாள். அவள் பிடித்த பிடி அப்படி. தலை நரைத்த பிறகு எனக்கு எழுதப் படிக்க வந்ததே அந்தப் பிடியால்தான்.

பேச்சுக் கொடுத்தால் மெதுவாகத் தின்னலாம்.

"உன் மெஷினுக்கு என்னதான் ஆச்சு?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அது ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாக்காதுங்க. எந்தப் பட்டியல்ல எவ்வளவு இருக்குன்னு முன்கூட்டியே ஒரு கணக்கு எடுத்து வச்சுக்கும். அதை நம்பித்தான் எந்த வழியா தேடலாம்னு முடிவு பண்ணும். நேத்து அந்தக் கணக்கை எடுத்தது லாரியெல்லாம் போனப்புறம். லாரிப் பட்டியல்ல ஒண்ணுமே இல்லைன்னு குறிச்சுக்கிச்சு. இன்னிக்கு இத்தனை வந்து குவிஞ்சும், காலிதானேன்னு ஒண்ணொண்ணா துழாவிக்கிட்டுக் கிடந்துச்சு."

"ஆளில்லாத நேரத்துல போய் எண்ணச் சொன்ன புத்திசாலி யாரு?"

"நான்தான். வெளிய சொல்லிடாதீங்க."

எனக்குப் புரையேறியது. தலையில் தட்டினாள்.

"இப்போ நிறைஞ்சிருக்கிறப்போ எண்ணி, அந்தக் கணக்கைப் பூட்டிட்டேன். இனிமே காலியா கிடக்கிறப்போ எண்ணி யாரும் அதை மாத்த முடியாது."

கேரியரைப் பார்த்தேன். இதுவும் அப்படித்தான். பானையை வழித்த அந்த இளவட்டத்தை எண்ணி, அன்றைக்கே பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எண்ணவே இல்லை.

கோபம் வரவில்லை. உள்ளுக்குள் இனித்தது. அவள் கணக்கில் நான் இன்னும் இரண்டு மூட்டை தூக்குகிறவன்.

அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. மேல் இரண்டு அடுக்கும் தீர்ந்து வயிறு முட்டியிருந்தது. இருந்தாலும் மூன்றாவது அடுக்கைத் திறந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன்.

உப்பே இல்லை.

நாலாவது அடுக்கில் காயைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

"உப்புப் போட மறந்துட்டியா?"

அவள் என் கையிலிருந்து அடுக்கை வாங்கி, மூடியை அழுத்தி மூடினாள்.

"மறக்கல. வாசல் அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு. அவரே வந்து சொல்லிட்டுப் போனார். கீழ ரெண்டும் அவருக்குன்னுதான் தினம் கட்டுறேன்."

வாசலைப் பார்த்தேன். காவல்காரர் கழுவிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் இரண்டு அடுக்கையும் பார்த்தேன். துடைத்த மாதிரி இருந்தன. யோசித்தால், அவற்றில் ஒரு நாளும் மிஞ்சியதில்லை. ஒரு நாளும் போதாமல் போனதுமில்லை.

"எனக்கு முன்ன மாதிரி முடியலன்னு தெரிஞ்சுமா என்னை மேடையில விட்டு வச்சே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

உள்ளே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. சீட்டு வந்துவிட்டது. மேடைக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ஒரு லாரி ஹாரன் அடித்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

"முட்டி வலிக்குது" என்றேன்.