திருப்பிக் கொடுத்தாள்

அவளும் தம்பியும் வீட்டு மாடியறையிலேயே பதிவு செய்து வெளியிட்ட முதல் ஆல்பத்தை, கிறங்கடிக்கும் சைக்கடெலிக் பாணி நாட்டுப்புறப் பாடல்களை, கத்தரிக்கோல் என்று பெயரெடுத்த இசை விமர்சகர் பத்திரிகையில் நார்நாராகக் கிழித்திருந்தார். இரண்டாவது ஆல்பத்தின் வெளியீட்டு விழாவுக்கு அவரையே தலைமை தாங்க அழைத்தாள்.

"உன்ன அழ வெச்ச ஆளையா மேடையேத்துற? ரோஷம் இல்லையாடி?" என்றாள் அம்மா.

"இருக்கும்மா. அதான் கூப்பிடுறேன்."

புது ஆல்பம் அரங்கில் ஒலித்து முடிந்ததும் மேடையில் அவர் உருகினார். "என்ன மொழின்னே புரியல, ஆனா உயிரை உலுக்குது. போன ஆல்பத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடைசியில இந்தப் பொண்ணு பாடக் கத்துக்கிச்சு."

அவள் மைக்கை வாங்கினாள்.

"நன்றி சார். நீங்க எழுதினதுக்கப்புறம் நான் வாயத் திறந்து பாடவே இல்ல. ஆனா அதுல ஒரு வரி எனக்கு மனப்பாடம். 'இந்த ஆல்பத்தை முன்னாலிருந்து ஓடவிட்டாலும் பின்னாலிருந்து ஓடவிட்டாலும் ஒன்றுதான்.'"

கூட்டம் சிரித்தது. அவரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"அதே ஆல்பத்தைத்தான் சார், பின்னாலிருந்து ஓடவிட்டு இந்தப் புது ஆல்பமாப் பதிவு பண்ணியிருக்கோம். ஒண்ணுதான்னு எழுதினதும் நீங்க. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்னு இப்ப சொன்னதும் நீங்க."