முடிவெடுக்க வேண்டியவள்

“என்னடி, கதவைச் சாத்திக்கிட்டு அம்மாவும் மகளும் அப்படி என்ன ரகசியம்?”

ஆட்டுக்கால் சூப்போடு தபீதாள் உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. கட்டிலில் அம்மா ரத்தினபாய். அம்மாவின் கையைப் பிடித்தபடி தங்கை கெசியா. இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

“ஒண்ணுமில்லக்கா. ஜெபம் பண்ணிட்டிருந்தோம்” என்றாள் கெசியா.

தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபம் என்றால் மூத்தவளைக் கூப்பிடக் கூடாதா? இந்தப் பம்மல் வீட்டில் இருபது வருஷமாக அம்மாவே கதி என்று கிடப்பவள் அவள்தான். வந்த வரன்களையெல்லாம் அம்மாவுக்காகவே தட்டிக்கழித்தவள். கெசியாவோ கீழ்க்கட்டளையில் புருஷன், பிள்ளை, சொந்த ஃப்ளாட் என்று செட்டிலாகிவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவுக்கு எப்போதும் சின்னவள்தான் உசத்தி.

“சூப்பைக் குடிங்கம்மா. ஆறிடப் போகுது.”

“எனக்கு வேணாம் தபி. நீ குடி.”

“அவ கையால கொடுத்தாத்தான் தொண்டையில இறங்குமோ?” வெடுக்கென்று கேட்டுவிட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீ போய்ப் படு அக்கா. சமையல்கட்டை நான் பார்த்துக்கிறேன்” என்றாள் கெசியா.

பார், வீட்டு வேலையையும் பிடுங்கிக்கொள்கிறாள்!

போன மாதம் சபையில் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. அம்மா வரவே மாட்டேன் என்றாள். “நானும் பண்ணிக்கிறேன், வாங்க” என்று தபீதாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். இருவருக்கும் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தபீதாள் ஆசிரியை. வகுப்பில் போன் எடுக்க முடியாது என்பதால் கெசியாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாளைக்கு முன்னால் கெசியா போனில் தேம்பினாள். “அக்கா, முகாம் ரிப்போர்ட் வந்திருக்கு. கர்ப்பப்பையில கேன்சராம்...”

“கர்த்தாவே, அம்மாவுக்கா!” என்று தபீதாள் அலறினாள். அதற்குமேல் இருவருக்கும் அழுகைதான்.

அன்றைக்கே தபீதாள் சட்டம் போட்டுவிட்டாள். “இது அம்மா காதுல விழவே கூடாது. கேட்டா அந்த நிமிஷமே போயிடுவாங்க. ஆபரேஷன், கீமோ ஒண்ணும் வேணாம். ஏதாவது மாத்திரை கொடுத்து நிம்மதியா வெச்சுக்கலாம்.”

“யாருக்கு வியாதியோ அவங்களைக் கேட்காம நாம எப்படிக்கா முடிவு பண்றது?”

“கேட்டு என்ன ஆகப் போகுது? பயந்து சாகவா? நீ சும்மா இரு.”

கெசியா எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. பள்ளியில் பரீட்சை நேரம், தபீதாளுக்கு லீவு கிடைக்காது என்பது கெசியாவுக்கு வசதியாகப் போயிற்று. டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். ஃபைலை அக்காவின் கண்ணில்கூடக் காட்டவில்லை. தினமும் சாயங்காலம் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு குசுகுசுப்பு வேறு.

அம்மா சூப்பை வேண்டாம் என்ற மறுநாள் மத்தியானம் தபீதாள் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது.

“உங்க தங்கச்சி வந்து அம்மாவைத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் பக்கத்து வீட்டு சாஜிதா.

அந்த ஒரு கேள்வியில் மானமே போயிற்று. வந்த ஷேர் ஆட்டோவில் ஏறித் தாம்பரத்துக்கு விரைந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்தபடி கெசியா உட்கார்ந்திருப்பாள். ‘எல்லாம் என் சின்னப் பொண்ணுதான் பார்க்கிறா’ என்று அம்மா டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு நோய் என்பதைவிட, அம்மா அவள் பக்கம் போய்விட்டாள் என்பதுதான் அதிகமாக வலித்தது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

நர்ஸ் தடுத்ததையும் மீறி டாக்டரின் அறைக்குள் புகுந்தாள். நினைத்தபடியேதான். அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் கெசியா.

“எனக்குத் தெரியாம அம்மாவை எதுக்குடி இங்க கூட்டிட்டு வந்த?” என்று கத்தினாள் தபீதாள். “டாக்டர், நான்தான் மூத்தவ. இவங்களைக் கூடவே இருந்து பார்த்துக்கிறவ நான். பேஷன்ட்கிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னு நான் இவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்.”

டாக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நீங்கதான் தபீதாளா?”

“ஆமா.”

“உங்க அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. பேஷன்ட்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாள்னு அரைமணி நேரமா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறாங்க.”

“அம்மாவா?” தபீதாளுக்குப் புரியவில்லை. கெசியாவைப் பார்த்தாள். அவள் தலை நிமிரவில்லை.

டாக்டர் எழுந்து வந்து, ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“அம்மா ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. உட்காருங்க தபீதாள், ஆபரேஷனா, கீமோவா, என்ன செய்யலாம்னு நீங்கதான் சொல்லணும்.”