புதரின் உயரம்

ராணுவ வண்டிக்கு முன்பக்க இரும்புத் தடுப்பு செய்யச் சொல்லி வந்த காகிதத்தில், காட்டுப் புதர்களை விலக்குவதற்காக என்று எழுதியிருந்தது. பழைய தடுப்பைக் கழற்றியபோது அதன் கம்பிகளுக்கு நடுவே இலைகள் இல்லை, நீளமான தலைமுடி சிக்கியிருந்தது. வெல்டர் சவரிமுத்து கையைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகும் துடைத்தார். "குறுக்குக் குழாய் எந்த உயரத்தில வைக்கணும் சார்?" என்றார். "அளவெல்லாம் யாருக்குத் தெரியும் மேஸ்திரி? வண்டி முன்னால வந்து நில்லுங்க" என்று சிரித்த சிப்பாய், அவர் இடுப்பில் சாக்பீஸால் கோடு போட்டான். "ஒண்ணு இங்க. இன்னொண்ணு கீழ வேணும். வீட்டுல குள்ளமா யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க." பட்டறைக்குப் பின்னால், வீட்டில், மகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. "யாருமில்ல சார்" என்று சவரிமுத்து தானே முட்டி போட்டார். டீசல் வாடைக்கு அடியில் வேறொரு வாடை முகத்தில் அடித்தது. சிப்பாய் குனிந்து அவர் நெஞ்சில் கோடு இழுத்தான். இந்த வேலையைச் செய்யமாட்டேன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். "கோடு மேல போயிடுச்சு சார். குழாய் கனத்துக்கு ரெண்டு அங்குலம் இறக்கிப் போடுங்க."