இடுப்பளவு

"பேன்ட்டுல முப்பத்தெட்டைப் பிரிச்சுட்டு, முப்பத்து நாலு லேபிளைத் தைச்சுக் கொடுத்தீங்களா? இது அப்பட்டமான மோசடி!"

தையல் மெஷினுக்குக் கீழே கிடந்த லேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரெடிமேட் கடை முதலாளி போட்ட கூச்சலில், விற்பனைப் பெண் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். ஆல்டரேஷன் அக்கா மட்டும் அசரவில்லை.

"அந்த சார் ட்ரையல் ரூமுல பட்ட பாட்டை நீங்க பாக்கலை. முப்பத்து நாலு முட்டிக்கு மேல ஏறவே இல்லை. ஆனா 'காலேஜ்லேர்ந்து எனக்கு இதான் அளவு'ன்னு ஒரே அடம். சாயங்காலம் கூடப் படிச்சவங்களையெல்லாம் பாக்கப் போறாராம்."

"அதுக்கு?"

"வாய் கேட்டது பேன்ட்டு. மனசு கேட்டது வேற. நான் லேபிளை மாத்தி, 'இதுவும் முப்பத்து நாலுதான் சார், தையல்தான் வேற'ன்னு நீட்டினேன். மனுஷன் துள்ளிக் குதிச்சுட்டார்! போற போக்குல ரெண்டு சட்டை வேற எடுத்துட்டுப் போனார்."

"பொய் சொல்லி வித்தா கடைப் பேரு என்னாகறது? என்னைப் பாருங்க!" முதலாளி தன் வயிற்றில் ஒரு தட்டு தட்டினார். தொம்மென்று சத்தம் வந்தது. "கல்யாணத்தன்னைக்கு முப்பத்திரண்டு. இன்னைக்கும் முப்பத்திரண்டு! உடம்பைக் கட்டுப்பாடா வெச்சுக்கணும். அதை விட்டுட்டு லேபிளை மாத்தறதா? நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல், தொங்கிய சட்டைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷ வேலை, இதை விட்டால் வீட்டில் உலை கொதிக்காது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். பாவமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"அய்யய்யோ! அக்காவை அனுப்பினீங்க, நானும் பெட்டியைக் கட்டிடுவேன், ஆமா!"

முதலாளி கையிலிருந்த லேபிளை மெஷின்மேல் போட்டார்.

"சரி சரி, இருந்து தொலைக்கட்டும். ஆனா இனிமே லேபிள்ல கை வைக்கக் கூடாது!" என்று கல்லாப் பக்கம் நடையைக் கட்டினார்.

அவர் தலை மறைந்ததும், முதலாளியம்மா ஒரு பையை மெஷினுக்கு அடியில் தள்ளினார்.

"அவரோட புது பேன்ட்டு அக்கா, நாப்பது. வழக்கம்போல முப்பத்திரண்டுன்னு தைச்சுடுங்க!"