தகரப் பெட்டி பிகோனியா

"உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும், காமில் அண்ணே!" என்றான் பக்கத்து வீட்டு நெஸ்டர், காபியை உறிஞ்சியபடி. "ஊர்ல பாதிப் பேரோட பிகோனியாக் கிழங்கு இந்தக் குளிர்ல போயே போச்சு. என்னுது மணல்ல புதைச்சும் சுருங்கிடுச்சு. உங்களுது மட்டும் வருஷம் தவறாம எப்படிண்ணே முளைக்குது?"

காமிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கென்ட் நகரத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு பிகோனியாப் பூச்செடி வளர்க்கிற ஊரில், இப்படி ஒரு பேச்சைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே!

"மணலாவது மண்ணாங்கட்டியாவது! உறைபனி விழறதுக்கு முன்னாடி தோண்டி எடு. மண்ணை உதறு. பிஸ்கட் தகரப் பெட்டியில போட்டு, காத்துப் புகாம இறுக்கி மூடு. அடுப்பு மூலையில வெச்சுட்டு மறந்துடு. அவ்வளவுதான்!"

"காய வைக்க வேண்டாமா? ஈரத்தோட மூடினா அழுகிடும்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"அப்படிச் சொல்றவங்க கிழங்கு எங்கே, என் கிழங்கு எங்கே?"

நெஸ்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "அதுவும் சரிதான். சுல்மாக்கா எப்ப வர்றாங்க?"

"திங்கட்கிழமை."

காமிலின் மனைவி சுல்மா போன மாதம் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"வலியைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டா. போன் பண்ணினா ஒரே பாட்டுத்தான். 'நான் வர்ற வரைக்கும் பெட்டியைத் திறக்காதீங்க'ன்னு. என் பிகோனியான்னா அவளுக்கு அவ்வளவு உசிரு!"

நெஸ்டர் போனதும் காமிலுக்கு ஓர் ஆசை வந்தது. அவள் வருவதற்குள் கிழங்குகளைத் தொட்டியில் வைத்து, ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவிட்டால் எப்படி இருக்கும்! பெட்டியைத் திறந்தார்.

குப்பென்று நாற்றம். உள்ளே கறுப்புக் கூழ். ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. அவள் இல்லாத வீட்டில் கிழங்குக்குக்கூட இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சுல்மாவுக்கு என்ன சொல்வது? வந்ததும் அவளுக்குப் பிடித்த அந்த அடர்சிவப்புப் பூச்செடியைத்தான் முதலில் கேட்பாள். அழுகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

பூ விடும்வரை எந்தக் கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே நிறத்தில் வேறு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கென்ட் பூச்சந்தைக்குப் போனார். இதுவரை கிழங்கு வாங்க அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

"அடர்சிவப்பு இருக்காம்மா? இதழ் ஓரம் சுருள் சுருளா இருக்குமே, அது."

கடைக்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "தீர்ந்துடுச்சுங்க ஐயா."

"அந்த மூலையில ஒரு பை இருக்கே? அதுல சிவப்புன்னுதானே போட்டிருக்கு?"

"ஐயோ, அது விக்கறதுக்கு இல்லீங்க. ஒரு அம்மாவுக்குன்னு எடுத்து வெச்சது. வருஷா வருஷம் மார்ச் பொறந்ததும் வந்துடுவாங்க, இந்த வருஷம்தான் ஏனோ இன்னும் காணோம்."

"அவசரம்மா. அவங்களுக்கு வேற குடுக்கக் கூடாதா?"

"வேற நிறம் ஆகாதுங்க. அவங்க வீட்டுக்காரர் கிழங்கையெல்லாம் ஈரத்தோட தகரப் பெட்டியில அடைச்சு வருஷம் தவறாம அழுக வெச்சுடுவாராம்" என்று சிரித்தாள் அவள். "அவர் திறந்து பாக்கறதுக்குள்ள இந்தம்மா பெட்டியைக் கழுவித் துடைச்சு, நல்ல கிழங்கா மாத்தி வெச்சுடுவாங்க. 'ஏம்மா, உண்மையைச் சொல்லிடலாமே'ன்னு கேட்டா, 'ஊரே அவர் கைராசியைப் புகழறப்போ அவர் முகத்துல ஒரு சிரிப்பு வருமே, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலடி'ம்பாங்க."