மொட்டைத் தலையோடு வந்தவர்

மகன் இளம்பரிதி புத்த மதத்துக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்ட அன்றே தணிகாசலம் அவனைத் தலைமுழுகிவிட்டார். வாசலில் நின்ற காவல் இயந்திரத்திடம் அவனுடைய புதுப் படத்தைக் காட்டி, "இந்த மூஞ்சி படியேறினா காலை உடைச்சுப் போடு. அவங்கம்மா அழுவா, கெஞ்சுவா. காதுலயே வாங்காத," என்று உத்தரவு போட்டார்.

பீடை தொலைந்தது என்று பழனிக்குப் போனார். முருகனுக்கு மொட்டை போட்டு, முளைத்த நாள் முதல் எடுக்காத மீசையையும் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு வீடு திரும்பினார். முடியும் மீசையும் போனால் அப்பனும் மகனும் அச்சு அசல் ஒரே முகம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

படியில் கால் வைத்ததும் இரும்புக் கை முழங்காலில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அவர் காதிலேயே விழுந்தது.

"டேய், நான் தணிகாசலம்டா!" என்று அலறினார். அடுத்த அடி இன்னொரு காலில் விழுந்தது.

உள்ளேயிருந்து ஓடிவந்த மரகதம் அந்த இரும்புக் கையைப் பிடித்துத் தொங்கினாள். "ஐயோ, விடு! அவர் என் புருஷன்!"

இயந்திரம் அவளை நோகாமல் விலக்கி நிறுத்தியது.

"நீங்க அழுவீங்கன்னு ஐயா முன்னாடியே சொல்லிட்டாரும்மா," என்று சொல்லிவிட்டு மறுபடி கையை ஓங்கியது.